பழைய புரொப்பெல்லர் விமானங்களை நேரில் பார்க்கச் செல்வோருக்கு: எந்த ஊர், எந்த நாள், என்ன ஆவணம், எவ்வளவு செலவு

ஒரு பழைய விமானத்தைப் பார்ப்பதற்கென்றே முதன்முதலாக ரயிலேறி, ஒரு முழு இரவு பயணம் செய்து நான் போய் நின்றது ஒரு பூட்டிய கேட்டின் முன்னால். அன்று திங்கட்கிழமை. கம்பிகளுக்கு இடையே தெரிந்த வால்பகுதியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினேன். அடுத்த பயணத்தில் கிழமையைச் சரியாகப் பார்த்தேன். ஆனால் விமான நிலையத்தைத் தவறாகத் தேர்ந்தெடுத்துவிட்டு, விமானக் கட்டணத்தில் மிச்சம் பிடித்ததைவிட அதிகமாக டாக்சிக்குக் கொடுத்தேன். மூன்றாவது முறை, அடையாள அட்டையின் அசலை விடுதி அறையிலேயே வைத்துவிட்டு, கைப்பேசியில் இருந்த அதன் படத்தைக் காவலரிடம் காட்டிக்கொண்டு நின்றேன். மூன்றுமே என் தவறுகள். நீங்கள் இவற்றைச் செய்யத் தேவையில்லை என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

இங்கே நான் எடுத்துக்கொண்டிருப்பது இந்தியாவில் பொதுமக்கள் சென்று பார்க்கக்கூடிய நான்கு இடங்களை: பெங்களூரு, தில்லி, கோவா, விசாகப்பட்டினம். பெங்களூரில் உள்ளது விமானத் தொழிற்சாலையைச் சேர்ந்தது. தில்லி விமானப் படைக்கும், கோவா கடற்படைக்கும் உரியவை. விசாகப்பட்டினத்தில் நிற்பது கடற்படை ஓய்வு கொடுத்த விமானம். ஆகவே பெரும்பாலும் நீங்கள் நுழையப்போவது ஒரு பாதுகாப்பு வளாகத்தின் ஓரத்தில். சாதாரண அருங்காட்சியகத்துக்குப் போவதுபோல் நினைத்த நேரத்தில் கிளம்பினால் ஏமாற்றமே மிஞ்சும்.

1. எதைப் பார்க்க விரும்புகிறீர்கள் என்று முடிவு செய்த பிறகு ஊரைத் தேர்ந்தெடுங்கள்

புரொப்பெல்லர் விமானம் என்பது ஒரே வகை அல்ல. கார் எஞ்சினைப் போல உருளைகளுக்குள் எரிபொருள் எரிந்து விசிறியைச் சுழற்றும் பிஸ்டன் எஞ்சின் விமானங்கள் ஒரு வகை. ஜெட் எஞ்சினைப் போன்ற விசையாழி விசிறியைச் சுழற்றும் டர்போபிராப் விமானங்கள் இன்னொரு வகை. இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமானங்கள் வேண்டுமென்றால் தில்லிக்குத்தான் போக வேண்டும். இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டிய சிறிய விமானங்கள் வேண்டுமென்றால் பெங்களூரு. கடல் விமானமும், கப்பலின் மேல்தளத்திலிருந்து பறந்த விமானமும், நான்கு எஞ்சின் கொண்ட பழைய பயணிகள் விமானமும் ஒரே வளாகத்தில் வேண்டுமென்றால் கோவா. ஒரே ஒரு விமானம், ஆனால் அதன் வயிற்றுக்குள் நடந்து பார்க்க வேண்டும் என்றால் விசாகப்பட்டினம்.

நான்கையும் ஒரே சுற்றில் முடித்துவிடலாம் என்று திட்டமிடாதீர்கள். விடுமுறை நாட்கள் ஒன்றுக்கொன்று இடிக்கும். மூன்றாவது ஊரில் உங்களுக்கு எல்லா விமானங்களும் ஒன்றுபோலத் தெரியத் தொடங்கிவிடும். தமிழ்நாட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் பெங்களூரில் தொடங்குவது நல்லது. அது அருகில் இருக்கிறது, செலவு குறைவு, விமானங்களும் சிறியவை. ஒரு விமானத்தை எப்படிச் சுற்றிவந்து பார்ப்பது என்று பழகிக்கொள்ள அதைவிட ஏற்ற இடம் இல்லை.

இலங்கையில் இருப்பவர்களுக்கு இரத்மலானையில் உள்ள இலங்கை விமானப் படை அருங்காட்சியகம் இருக்கிறது. பேலியல், டவ், ஹெரன், சிப்மங்க் ஆகிய பிஸ்டன் எஞ்சின் விமானங்களை அங்கே காணலாம். கீழே கிழமைகளைப் பற்றியும் ஆவணங்களைப் பற்றியும் சொல்வது அங்கும் பொருந்தும்.

2. டிக்கெட் எடுப்பதற்கு முன் கிழமையைப் பாருங்கள்

பலரும் சறுக்குவது இங்கேதான். கோவாவிலும் விசாகப்பட்டினத்திலும் திங்கட்கிழமை விடுமுறை. தில்லியில் பாலம் என்ற பகுதியில் உள்ள விமானப் படை அருங்காட்சியகத்துக்குத் திங்கள், செவ்வாய் இரண்டு நாட்களும் விடுமுறை. புதன் முதல் ஞாயிறு வரை, காலை பத்து மணிக்குத் திறந்து மாலை ஐந்து மணிக்கு மூடுகிறார்கள். சனி, ஞாயிறு வேறு ஊர் சுற்றிவிட்டு, கூட்டம் இல்லாத திங்கட்கிழமை அருங்காட்சியகத்துக்குப் போகலாம் என்று நாம் இயல்பாகப் போடும் கணக்கு இந்த இடங்களில் எடுபடாது.

விசாகப்பட்டினத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. வார நாட்களில் அங்கே பிற்பகல் இரண்டு மணிக்குத்தான் திறப்பார்கள். இரவு எட்டரை வரை பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் காலையிலேயே திறக்கும். காலை ரயிலில் இறங்கி, நேரே கடற்கரைக்குப் போய், பிற்பகல் ரயிலில் திரும்பிவிடலாம் என்று திட்டமிட்டால் ஒன்றையும் பார்க்க முடியாது.

தில்லிக்குச் செல்பவர்கள் ஜனவரி 26, ஆகஸ்ட் 15 ஆகிய நாட்களை ஒட்டிய வாரங்களைத் தவிர்ப்பது நல்லது. விமானப் படை நிலையத்தை ஒட்டிய பகுதிகளில் அப்போது சோதனை மிகுந்திருக்கும். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் பனிமூட்டத்தால் வட இந்திய ரயில்கள் பல மணி நேரம் தாமதமாகும். மே, ஜூன் மாதங்களில் திறந்தவெளியில் நிற்கும் உலோக விமானங்களின் அருகே பத்து நிமிடம் நிற்பதே கடினம். அக்டோபர், நவம்பர் மாதங்களும், பிப்ரவரி, மார்ச் மாதங்களும் தில்லிக்கு ஏற்றவை. கோவாவில் பெரிய விமானங்கள் எல்லாம் வெளியில் நிற்பதால் ஜூன் முதல் செப்டம்பர் வரை குடை பிடித்துக்கொண்டுதான் பார்க்க வேண்டியிருக்கும். பெங்களூருக்கு எந்த மாதமும் சரி.

நேரமும் கட்டணமும் மாறக்கூடியவை. பராமரிப்புக்காக ஒரு கூடத்தையோ முழு வளாகத்தையோ சில நாட்கள் மூடுவதும் உண்டு. ரயில் டிக்கெட் எடுப்பதற்கு முன் ஒரு முறையும், கிளம்பும் வாரத்தில் ஒரு முறையும் தொலைபேசியில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். இரண்டாவது அழைப்பு தேவையற்றது என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

3. ஆவணங்களை ஓர் உறையில் போட்டு வையுங்கள்

ஒவ்வொருவருக்கும் படத்துடன் கூடிய அரசு அடையாள அட்டையின் அசல் வேண்டும்: ஆதார், வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம், கடவுச்சீட்டு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று. ஒரு நகலும் வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் எடுத்த படம் செல்லுமா செல்லாதா என்று காவலரிடம் வாதிடுவதில் பயனில்லை. அவர் தமக்கு இடப்பட்ட உத்தரவைத்தான் பின்பற்ற முடியும். பள்ளி மாணவர்களுக்குப் பள்ளியின் அடையாள அட்டை போதுமானதாக இருக்கும். இருந்தாலும் ஆதார் நகலையும் சேர்த்து வையுங்கள். இலங்கை, சிங்கப்பூர், மலேசியா போன்ற நாடுகளின் குடிமக்கள் கடவுச்சீட்டின் அசலைக் கொண்டுபோக வேண்டும். விசா ஒட்டிய பக்கத்தையும் கேட்டால் காட்ட ஆயத்தமாக இருங்கள். படை வளாகத்தை ஒட்டிய இடத்தில் வெளிநாட்டவரை அனுமதிப்பது பற்றி முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுக்கொள்வது இன்னும் நல்லது.

பள்ளி அல்லது கல்லூரியிலிருந்து கூட்டமாகச் செல்வதாக இருந்தால், நிறுவனத்தின் முகப்புத்தாளில் ஒரு கடிதம் எழுதி இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே அனுப்புங்கள். வரும் நாள், வந்துசேரும் நேரம், மாணவர்களும் ஆசிரியர்களும் எத்தனை பேர், பெயர்ப் பட்டியல், பேருந்தின் பதிவு எண், பொறுப்பாளர் ஒருவரின் கைப்பேசி எண் ஆகிய ஆறும் அதில் இருக்க வேண்டும். அனுப்பியதோடு விட்டுவிடாமல், கையொப்பமும் முத்திரையும் உள்ள பிரதி ஒன்றைப் பொறுப்பாளர் கையில் வைத்திருக்கட்டும். பேருந்து எண்ணை விட்டுவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் பிழை. பேருந்தை வெளியே நிறுத்திவிட்டு எல்லாரையும் வெயிலில் நடத்திக்கொண்டு போக நேரிடும்.

இனி, கொண்டுபோகக் கூடாதவை. டிரோன் கூடவே கூடாது; பையில் மடித்து வைத்திருந்தாலும் வினா எழும். மடிக்கணினியும் பெரிய பையும் சோதனையில் நேரத்தைத் தின்னும். பாதுகாப்புப் பெட்டக வசதி எல்லா இடத்திலும் இருக்கும் என்று நம்பாதீர்கள். விடுதியிலோ ரயில் நிலையத்தின் பொருள் காப்பகத்திலோ வைத்துவிட்டுப் போங்கள். கேமராவுக்குச் சில இடங்களில் தனிக் கட்டணம் உண்டு. காட்சிக்கு நிறுத்தியுள்ள விமானங்களைப் படமெடுக்க அனுமதித்தாலும், ஓடுதளத்தின் பக்கமும், பயன்பாட்டில் உள்ள விமானங்களின் பக்கமும், காவல் கோபுரங்களின் பக்கமும் கேமராவைத் திருப்பாதீர்கள். நுழைவாயில் பலகையில் எழுதியிருப்பதைப் படித்த பிறகே கேமராவை வெளியில் எடுங்கள்.

4. பெங்களூரு: ஒரு நாளில் போய்வரலாம்

விமானங்களைக் கட்டும் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் (எச்.ஏ.எல்.) நிறுவனத்தின் பாரம்பரிய மையமும் விண்வெளி அருங்காட்சியகமும் பழைய விமான நிலையச் சாலையில், மாரத்தஹள்ளி செல்லும் வழியில் இருக்கிறது. 2001-இல் தொடங்கப்பட்டது. நகரின் மையப் பேருந்து நிலையமான மெஜஸ்டிக்கிலிருந்து அந்தச் சாலை வழியே மாரத்தஹள்ளி பக்கம் போகும் பேருந்தில் ஏறலாம். ஆட்டோவிலோ டாக்சியிலோ போவதாக இருந்தால் “ஏர்போர்ட்” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 2008-இல் பயணிகள் விமானங்கள் எல்லாம் தேவனஹள்ளிக்கு மாறிவிட்டன. அது நகரத்தின் மறுமுனை. “எச்.ஏ.எல். மியூசியம்” என்றே சொல்லுங்கள். “எச்.ஏ.எல். மெயின் கேட்” என்றும் சொல்ல வேண்டாம், தொழிற்சாலைக்குப் பல வாயில்கள் உண்டு, அருங்காட்சியகத்தின் வாயில் தனி.

இங்கே புரொப்பெல்லர் விமானத்தைத் தேடிப் போகிறவர் பார்க்க வேண்டியது எச்.டி.-2 பயிற்சி விமானத்தை. இந்தியாவில் வடிவமைத்துக் கட்டப்பட்டு 1951-இல் முதன்முதலாகப் பறந்தது. அதன் வடிவமைப்பாளர் வி.எம்.காட்கே. ஒருவர் பின் ஒருவராக அமரும் இரண்டு இருக்கைகள், மூக்கில் ஒற்றை எஞ்சின், பின்னால் சிறிய வால்சக்கரம். பக்கவாட்டில் நின்று பார்த்தால் மூக்கு வானத்தையும் வால் தரையையும் நோக்கியிருப்பது தெரியும். தரையில் ஓடும்போது விமானிக்கு முன்னால் இருப்பது தெரியாது. அவர் இடமும் வலமுமாக வளைந்து வளைந்து ஓட்டித்தான் பாதையைப் பார்த்திருப்பார். புஷ்பக், கிருஷக், பசந்த் என்ற மற்ற மூன்றும் எச்.ஏ.எல். கட்டிய சிறிய விமானங்களே. பறக்கும் மன்றங்களுக்காகப் புஷ்பக், படைக்கு மேலிருந்து வேவு பார்க்கக் கிருஷக், வயலுக்கு மருந்து தெளிக்கப் பசந்த். பயன் என்ன என்று தெரிந்துகொண்டு பார்த்தால் இறக்கை ஏன் மேலே இருக்கிறது, விமானி ஏன் அவ்வளவு உயரத்தில் உட்காருகிறார் என்பதெல்லாம் தானாகவே விளங்கும்.

எஞ்சின்கள் வைத்துள்ள கூடத்தை விட்டுவிடாதீர்கள். வளாகத்தில் ஜெட் விமானங்களே அதிகம். கண் அவற்றின் பக்கம்தான் போகும். ஆனால் விசிறியைச் சுழற்றும் எஞ்சினைக் கைக்கெட்டும் தொலைவில் பார்த்துவிட்டால், பிறகு தில்லியில் மூடிய உலோகத் தகடுகளுக்குள் என்ன இருக்கிறது என்று ஊகிக்க முடியும்.

இரண்டரை மணி நேரம் போதும். மிச்ச நேரம் இருந்தால் கஸ்தூரிபா சாலையில் உள்ள விசுவேசுவரய்யா அருங்காட்சியகத்தில் ரைட் சகோதரர்களின் முதல் விமானத்தின் முழு அளவு நகல் ஒன்று இருக்கிறது. அது நகல்தான்; ஆனாலும் விசிறிகளைச் சங்கிலி வைத்துச் சுழற்றிய முறையைச் சைக்கிள் ஓட்டத் தெரிந்த எந்தக் குழந்தையும் புரிந்துகொள்ளும்.

5. தில்லி பாலம்: ஒரு முழு நாளை ஒதுக்குங்கள்

பெயரால் வரும் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். விமானப் படை அருங்காட்சியகம் பாலம் விமானப் படை நிலையத்தில் இருக்கிறது. மெட்ரோவின் மெஜந்தா வழித்தடத்தில் “பாலம்” என்றே ஒரு நிலையம் உண்டு. அங்கே இறங்காதீர்கள். பயணிகள் விமான நிலையத்தின் முதல் முனையத்துக்கான மெட்ரோ நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோ பிடியுங்கள். மூன்றாம் முனையத்துக்குப் போய்விட்டால் இன்னும் மோசம். ஆட்டோ ஓட்டுநரிடம் “ஏர்ஃபோர்ஸ் மியூசியம்” என்று சொல்லி, அருகில் உள்ள அடையாளத்தையும் சொல்லுங்கள். திரும்பிப் போக வண்டி கிடைப்பது எளிதல்ல என்பதால், முடிந்தால் அதே ஓட்டுநரின் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

காலை பத்து மணிக்கே உள்ளே இருங்கள். முதலில் வெளியில் நிற்கும் பெரிய விமானங்களைப் பாருங்கள். வெயில் ஏறிய பிறகு கூடத்துக்குள் போங்கள். பெரும்பாலோர் இதற்கு நேர்மாறாகச் செய்துவிட்டு, உச்சி வெயிலில் லிபரேட்டர் என்ற குண்டுவீச்சு விமானத்தை அரைகுறையாகப் பார்த்துக்கொண்டு ஓடுகிறார்கள்.

அந்த லிபரேட்டருக்கு மட்டுமே அரை மணி நேரம் கொடுக்கலாம். நான்கு எஞ்சின், இரட்டைச் செங்குத்து வால், உடலின் மேற்பகுதியில் பொருத்திய நீண்டு மெலிந்த இறக்கை. கீழே குனிந்து வயிற்றுப் பகுதியைப் பாருங்கள். குண்டு போடும் கதவுகள் வெளிப்பக்கம் விரியாமல், கடையின் ஷட்டரைப் போலப் பக்கவாட்டில் சுருண்டு மேலேறும் வகையில் அமைந்திருக்கும். போர் முடிந்தபின் கான்பூரில் கைவிடப்பட்டுக் கிடந்த லிபரேட்டர்களை எச்.ஏ.எல். பெங்களூருக்குக் கொண்டுவந்து செப்பனிட்டது. இந்திய விமானப் படை அவற்றை 1968 வரை பயன்படுத்தியது. பிரிட்டன், அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளில் இன்று காட்சியில் இருக்கும் லிபரேட்டர்களில் சில இப்படி இந்தியாவில் உயிர்பிழைத்து, இங்கிருந்து போனவை. பக்கத்து விமானங்களில் டகோட்டா என்ற போக்குவரத்து விமானத்தைக் கண்டால் அதன் எஞ்சினோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் ஒரே குடும்பத்து எஞ்சின்தான்: பதினான்கு உருளைகளை இரண்டு வட்டங்களாக அடுக்கிய பிராட் அண்ட் விட்னி. டகோட்டாவுக்கு இரண்டு, லிபரேட்டருக்கு நான்கு.

பாக்கெட் என்ற சரக்கு விமானம் இரட்டைத் தண்டு வால் கொண்டது. பின்பக்கம் திறந்து வண்டியையே ஏற்றலாம். லடாக்கின் உயரத்தில் இரண்டு விசிறிகளின் இழுவை போதாமல், இந்திய விமானப் படை அதன் முதுகின்மேல் ஒரு சிறிய ஜெட் எஞ்சினைப் பொருத்திப் பறக்கவிட்டது. அந்த முதுகைப் பார்ப்பதற்குச் சற்றுத் தள்ளி நிற்க வேண்டும்.

உள்ளே, போர்க்கால விமானங்களில் முதலில் வாபிட்டியைத் தேடுங்கள். 1933-இல் இந்திய விமானப் படையின் முதல் அணி தொடங்கியது இந்த வகை விமானங்களோடுதான். உலகில் எஞ்சியிருக்கும் ஒரே வாபிட்டி இதுவே. மேலும் கீழுமாக இரண்டு இறக்கைகள், இடையில் தூண்கள், அவற்றைக் குறுக்கே இழுத்துக் கட்டிய கம்பிகள். பிறகு லைசாண்டர், ஹரிகேன், ஸ்பிட்ஃபயர், டெம்பஸ்ட் என்று வரிசையாக வாருங்கள். ஹரிகேனையும் ஸ்பிட்ஃபயரையும் புதியவர்கள் ஒன்றென்றே எண்ணுவார்கள். ஹரிகேனின் பின் உடலைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் பாருங்கள்: சட்டத்தின்மேல் துணி போர்த்தியிருப்பதால், மெலிந்த மாட்டின் விலா எலும்பு தெரிவதுபோல் நீளவாட்டில் வரிகள் தெரியும். ஸ்பிட்ஃபயரின் உடல் வழவழப்பான உலோகத் தகடு. விசிறியின் இதழ்களையும் எண்ணுங்கள். மெர்லின் எஞ்சின் பொருத்திய ஸ்பிட்ஃபயர்களுக்குப் பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு இதழ்கள். அதைவிட வலிமையான கிரிஃபன் எஞ்சின் பொருத்திய பிற்கால வகைகளுக்கு ஐந்து. எஞ்சினின் வலிமை கூடக்கூட, அதைக் காற்றில் செலுத்த இதழ்களும் கூடியிருக்கின்றன.

உடலில் எழுதியுள்ள எண்ணைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். விமானப் படை விமானங்களில் ஆங்கில எழுத்துகளும் எண்ணும் சேர்ந்து வரும், கடற்படையில் “ஐ.என்.” என்று தொடங்கும், பயணிகள் விமானமாக இருந்தால் “வி.டி.” என்று தொடங்கும். வீட்டுக்கு வந்தபின் ஒரு குறிப்பிட்ட விமானத்தைப் பற்றி மேலும் படிக்க இந்த எண்தான் சாவி. பெயர்ப்பலகையை மட்டும் படமெடுத்துக்கொண்டு வந்தால் வகையின் பெயர் கிடைக்கும். அந்த விமானத்தின் கதை கிடைக்காது. இதை நான் வீடு திரும்பிய பிறகுதான் உணர்ந்தேன்.

6. கோவா: எந்த விமான நிலையம் என்று இருமுறை பாருங்கள்

கோவாவில் இப்போது இரண்டு விமான நிலையங்கள். கடற்படை அருங்காட்சியகம் வாஸ்கோவை அடுத்த போக்மாலோ சாலையில், தபோலிம் விமான நிலையத்துக்கு அருகில் இருக்கிறது. 2023 ஜனவரியில் இயங்கத் தொடங்கிய மோபா விமான நிலையம் மாநிலத்தின் வடமுனையில். டிக்கெட் எடுக்கும்போது தபோலிம் என்பதற்கு “ஜி.ஓ.ஐ.” என்றும், மோபா என்பதற்கு “ஜி.ஓ.எக்ஸ்.” என்றும் குறியீடு வரும். சில நூறு ரூபாய் குறைவு என்று மோபாவுக்கு எடுத்தால், மாநிலத்தையே குறுக்காகக் கடந்து வரும் டாக்சிக் கட்டணம் அந்தச் சேமிப்பைப்போல் பல மடங்கு ஆகும். நான் கொடுத்தேன். ரயிலில் வருபவர்கள் வாஸ்கோ ட காமா நிலையத்தில் இறங்கினால் அங்கிருந்து சிறிது தொலைவுதான். பெங்களூரிலிருந்து வாஸ்கோவுக்கு ரயில் உண்டு.

வெளியில் நிற்பவற்றுள் பெரியது சூப்பர் கான்ஸ்டலேஷன். வளைந்த மீன் போன்ற உடலும் மூன்று செங்குத்து வால்களும் அதை நூறு மீட்டருக்கு அப்பாலும் காட்டிக்கொடுக்கும். ஏர் இந்தியா பயணிகளைச் சுமந்து, பிறகு விமானப் படைக்குப் போய், கடைசியில் கடலைக் கண்காணிக்கக் கடற்படைக்கு வந்தது. சீலேண்ட் இன்னும் அரியது. 1953-இல் கடற்படை முதன்முதலாகப் பெற்ற விமான வகை இதுதான். உடலின் அடிப்பகுதி படகைப் போலவே இருக்கும், தண்ணீரிலும் தரையிலும் இறங்கும். உலகம் முழுவதும் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே எஞ்சியுள்ளன. அலிசே என்ற டர்போபிராப் விமானம் விக்ராந்த் என்ற விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து பறந்தது. கப்பலின் உள்தளத்தில் அடுக்கி வைப்பதற்காக அதன் இறக்கைகள் மடங்கும். மடியும் இடத்தில் உள்ள கீல்களைத் தேடிப் பாருங்கள்.

கடற்காற்றின் உப்பு இந்த விமானங்களைத் தின்றுகொண்டிருக்கிறது. வண்ணம் உரிந்த இடங்களையும் துருவையும் பார்க்கும்போது மனம் கனக்கும். ஆகவே கோவாவைத் தள்ளிப்போட வேண்டாம் என்பதே என் கருத்து. காலை பத்து மணிக்குப் போனால் மதிய உணவுக்குள் முடித்துவிடலாம்.

7. விசாகப்பட்டினம்: அரக்கோணத்திலிருந்து போன விமானம்

ராமகிருஷ்ணா கடற்கரையில், குர்சுரா நீர்மூழ்கிக் கப்பல் அருங்காட்சியகத்துக்கு எதிரே நிற்கிறது டி.யு.-142 என்ற கடல் கண்காணிப்பு விமானம். 1988-இல் கடற்படையில் சேர்ந்து, பின்னர் அரக்கோணத்தில் உள்ள ராஜாளி என்ற கடற்படை விமானத் தளத்திலிருந்து பறந்து, 2017 மார்ச் 29 அன்று அங்கேயே ஓய்வு பெற்றது. அதே ஆண்டு டிசம்பரில் இந்த அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அரக்கோணத்துக்காரர்கள் தங்கள் வீட்டு மாடியிலிருந்து கேட்ட முழக்கம் இதனுடையதுதான்.

நான்கு எஞ்சின், ஒவ்வொன்றிலும் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு விசிறிகள், ஒவ்வொரு விசிறிக்கும் நான்கு இதழ்கள். முன்விசிறி ஒரு திசையிலும் பின்விசிறி எதிர்த்திசையிலும் சுழலும். நேர் எதிரே நின்று இரண்டு விசிறிகளின் இதழ்களும் எந்தப் பக்கம் முறுக்கியிருக்கின்றன என்று பாருங்கள், எதிரெதிராக இருக்கும். ஏறத்தாழ ஐம்பது மீட்டர் இறக்கை அகலம். ஜெட் விமானத்தைப் போலப் பின்னோக்கிச் சாய்ந்த அந்த இறக்கையோடு, மணிக்குத் தொள்ளாயிரம் கிலோமீட்டர் அளவில் பறந்த விசிறி விமானம் இது.

உள்ளே இடம் குறுகலானது. முழங்கால் வலி உள்ளவர்கள் காட்சிக்கூடத்தையும் வெளிப்புறத்தையும் மட்டும் பார்த்தாலும் குறையில்லை. இரண்டு மணிக்குத் திறக்கும்போதே போய், விமானத்தை முதலிலும், எதிரே உள்ள நீர்மூழ்கியை இருட்டிய பிறகும் பாருங்கள். நீர்மூழ்கிக்குள் பகலும் இரவும் ஒன்றுதான். விமானத்துக்கு வெளிச்சம் வேண்டும்.

8. பறப்பதைப் பார்க்க வேண்டுமானால்

இந்திய விமானப் படை சில பழைய விமானங்களைப் பறக்கும் நிலையில் வைத்திருக்கிறது. அவற்றுள் டகோட்டா ஒன்று 2018-இல் பிரிட்டனிலிருந்து பறந்தே வந்து சேர்ந்தது, பெயர் பரசுராமா. ஹார்வர்ட், டைகர் மாத் என்ற பயிற்சி விமானங்களும் உண்டு. அக்டோபர் 8 விமானப் படை நாளையொட்டிய அணிவகுப்புகளில் இவற்றைப் பார்க்கும் வாய்ப்பு அதிகம். ஊர் ஆண்டுதோறும் மாறுகிறது: 2022-இல் சண்டிகர், 2023-இல் பிரயாக்ராஜ், 2024-இல் சென்னை மெரினா. ஆகவே ஆகஸ்ட் கடைசியிலிருந்து செய்தித்தாள்களைக் கவனியுங்கள்.

மெரினாவில் 2024 அக்டோபர் 6 அன்று வெயிலிலும் நெரிசலிலும் ஐந்து பேர் உயிரிழந்தார்கள். கடற்கரை நிகழ்ச்சிக்குப் போனால் ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, உப்புக் கலந்த கடலையோ பிஸ்கட்டோ வைத்துக்கொள்ளுங்கள். மிக முதியவர்களையும் கைக்குழந்தைகளையும் அழைத்துப்போக வேண்டாம். நிகழ்ச்சி முடிந்த உடனே எல்லாரோடும் சேர்ந்து ரயில் நிலையத்தை நோக்கி நடக்காமல், நிழலான இடத்தில் ஒரு மணி நேரம் அமர்ந்துவிட்டுக் கிளம்புங்கள். சற்றுத் தள்ளி உள்ள தெரிந்தவர் வீட்டு மொட்டை மாடி கடற்கரை மணலைவிட எவ்வளவோ மேல்; மெதுவாகவும் தாழ்வாகவும் பறக்கும் டகோட்டாவைப் பார்க்கத் தொலைநோக்கிகூட வேண்டியதில்லை.

9. செலவுக் கணக்கு

நுழைவுக் கட்டணம் உங்கள் கணக்கில் ஒரு பொருட்டே அல்ல; ஆளுக்கு நூறு ரூபாயைச் சுற்றி எடுத்துவைத்தால் போதும். போய்வரும் செலவுதான் செலவு. சென்னையிலிருந்து விசாகப்பட்டினம் சுமார் 780 கி.மீ.; ஸ்லீப்பர் வகுப்பில் ஒருவழிக்கு ஐந்நூறு ரூபாய்க்குள்ளும், மூன்றாம் வகுப்பு ஏசியில் ஆயிரத்து இருநூறு ரூபாய் அளவிலும் ஆகும். தில்லிக்குத் தொலைவு சுமார் 2,180 கி.மீ.; ஸ்லீப்பரில் ஆயிரம் ரூபாய்க்குள், மூன்றாம் ஏசியில் இரண்டாயிரத்து இருநூறு அளவில். முன்பதிவு இப்போது அறுபது நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது; 120 நாள் என்ற பழைய நினைப்பில் இருக்காதீர்கள். உள்ளூர் ஆட்டோவுக்கும் டாக்சிக்கும் நாளொன்றுக்குத் தனியாகத் தொகை ஒதுக்குங்கள். இந்த இடங்களில் பெரும்பாலானவை பேருந்து நிறுத்தத்தின் வாசலில் இல்லை. சில்லறையும் ரொக்கமாகக் கொஞ்சம் இருக்கட்டும். டிக்கெட் கவுண்டரில் இணையம் படுத்துவிட்டால் கைப்பேசிப் பணம் நகராது.

திரும்பும் ரயிலை அன்று மாலைக்கே வைக்காதீர்கள். தில்லியில் ஐந்து மணிக்கும், விசாகப்பட்டினத்தில் எட்டரை மணிக்கும் மூடுகிறார்கள். அதுவரை அங்கே இருக்கத்தான் நீங்கள் விரும்புவீர்கள். மறுநாள் காலை வண்டிக்கு எடுத்துவிட்டு, ஓர் இரவு விடுதிக் கட்டணத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.